பென்டிரைவை எதைக்கொண்டு பூட்டுவது? பிட்லாக்கர், வெராகிரிப்ட், லக்ஸ், எண்பலகை டிரைவ்: ஓர் ஒப்பீடு

பிட்லாக்கரோ வெராகிரிப்டோ, லினக்ஸின் லக்ஸோ, எண்பலகை பதித்த டிரைவோ, எதை எடுத்தாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற ஒரே பூட்டு முறைதான். சாவியின் நீளம் 128 பிட்டா 256 பிட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண் வேலை. சாவி தெரியாமல் இரண்டையும் உடைக்க இன்றைக்கு யாரிடமும் வழியில்லை. முடிவு செய்யவேண்டிய கேள்விகள் வேறு. இந்த பென்டிரைவை எந்தெந்தக் கணினியில் செருகப்போகிறீர்கள்? அது தொலைந்தால், கண்டெடுத்தவருக்கு பாஸ்வேர்டை ஊகிக்க எத்தனை முறை வாய்ப்பு கிடைக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தாலே பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடும்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைத்தான் பெரும்பாலோர் கேட்பதேயில்லை. சாஃப்ட்வேர் மூலம் பூட்டிய டிரைவை யாரும் அப்படியே பிட் பிட்டாக நகலெடுக்கலாம். நகலை வைத்துக்கொண்டு, ராத்திரி பகலாக, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். "10 முறை தவறினால் அழித்துவிடு" என்று சாஃப்ட்வேர் சொன்னால் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. எண்பலகை டிரைவில் அப்படியில்லை. சாவி உள்ளிருக்கும் சிப்பில் இருக்கிறது. தவறான முயற்சியை எண்ணுவதும் அந்தச் சிப்தான். அதனால்தான் 8 இலக்க எண் அங்கே போதும், சாஃப்ட்வேரில் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு. நொடிக்கு 1000 ஊகம் என்று வைத்தால் 1 லட்சம் நொடி, அதாவது ஏறக்குறைய 28 மணி நேரத்தில் முழுப் பட்டியலும் தீர்ந்துவிடும். எண்பலகையில் பத்தாவது தவறோடு கதை முடிகிறது.

சாஃப்ட்வேர் பூட்டுக்கு என்ன பாஸ்வேர்ட் வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி நான்கு சொல் எடுத்தால், அதே வேகத்தில் 1 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் ஊகிக்க 1000 மெஷினை இறக்கினால் அது 116 ஆண்டாகச் சுருங்கிவிடும். ஆறு சொல் எடுத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பகடைதான் உருட்டவேண்டும், நாமே யோசித்து எடுக்கும் சொற்கள் நாம் நினைப்பதைவிடச் சுலபமாக ஊகிக்கக்கூடியவை. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும்: ழகரத்துக்கு இரண்டு எழுத்துப் போட்டோமா ஒன்றா, நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தோமா என்பது ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது. எழுத்துக்கூட்டலுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டு அதையே எப்போதும் பின்பற்றுங்கள். தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைப்பது வேண்டாம். அடுத்த கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லையென்றால் உங்கள் டிரைவ் உங்களுக்கே பூட்டு. சிறப்புக் குறிகளிலும் அதே வம்பு உண்டு. பிரிட்டிஷ் விசைப்பலகையில் அட் குறியும் இரட்டை மேற்கோளும் அமெரிக்க விசைப்பலகையிலிருந்து இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸ் மட்டும் என்றால் பிட்லாக்கர்

செருகப்போகும் கணினிகள் எல்லாமே விண்டோஸ் என்றால் வேறெதையும் தேடவேண்டாம். பென்டிரைவுக்கான பிட்லாக்கர் டு கோ விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. பூட்டுவதற்கு ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் ஒன்று வேண்டும். ஹோம் பதிப்பில் புதிதாகப் பூட்ட முடியாது. ஆனால் ஏற்கெனவே பூட்டிய டிரைவை அதில் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். பலருக்கு இது தெரியாததால் பிட்லாக்கரை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். ப்ரோ கணினி ஒன்றில் ஒருமுறை பூட்டிக்கொண்டால் போதும், பிறகு ஹோம் கணினியிலேயே காலம் தள்ளலாம். திறக்கிற கணினியில் எதையும் நிறுவவேண்டாம், அட்மின் அனுமதியும் வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே அலுவலகக் கணினிகளில் பிட்லாக்கரை மிஞ்ச ஆளில்லை.

டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' என்பதைத் தேர்ந்தால் (விண்டோஸ் 11-ல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கலாம்) நான்கு கேள்விகள் வரும். முதலாவது பாஸ்வேர்ட்; குறைந்தது 8 எழுத்து. இரண்டாவது, மீட்புச் சாவியை எங்கே வைப்பது. அது 6 இலக்கமாக 8 தொகுதி, மொத்தம் 48 இலக்கம். அந்தச் சாவி இருப்பவருக்கு பாஸ்வேர்டே வேண்டாம், எனவே அதுவும் பாஸ்வேர்ட் போலவே ரகசியம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கலாம், கோப்பாக வைக்கலாம், அச்சிடலாம். அச்சிட்ட தாளை பென்டிரைவ் இருக்கும் அதே பையில் போடுவது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.

மூன்றாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள்: பயன்பட்ட இடத்தை மட்டும் என்கிரிப்ட் செய்வதா (அதாவது பூட்டுவதா), முழு டிரைவையுமா? கடையிலிருந்து வந்த புது டிரைவுக்கு முதலாவது போதும், சில நிமிடத்தில் முடியும். ஏற்கெனவே கோப்புகள் வைத்து அழித்த டிரைவுக்கு முழுவதும்தான். அழித்த கோப்பு அழியவில்லை, அதன் பெயர் மட்டுமே பட்டியலிலிருந்து போயிருக்கிறது. பயன்பட்ட இடத்தை மட்டும் பூட்டினால் பழைய கோப்புகள் பூட்டாத பகுதியில் அப்படியே கிடக்கும்; இலவச மீட்பு நிரல் ஒன்று போதும் எடுக்க. முழுவதும் பூட்டுவதற்கு நேரம் ஆகும். நொடிக்கு 20 எம்பி எழுதும் 64 ஜிபி டிரைவில் எழுதுவதற்கு மட்டுமே ஏறக்குறைய 53 நிமிடம். பிட்லாக்கர் படித்துவிட்டுத் திரும்ப எழுதுவதால் இன்னும் கூடும். இடையில் எடுக்கவேண்டுமென்றால் முதலில் வேலையை இடைநிறுத்தும் 'பாஸ்' பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாமல் பிடுங்கினால் கோப்புகள் சேதமாகலாம் என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

நான்காவது, என்கிரிப்ஷன் முறை. பென்டிரைவுக்கு 'கம்பாட்டிபிள் மோட்' என்பதையே தேர்ந்துகொள்ளுங்கள். 'நியூ' என்று இருப்பது 2015-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1511 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் மட்டும் திறக்கும்.

மேக்கில் பிட்லாக்கர் டிரைவ் தானாகத் திறக்காது. தனியாக மென்பொருள் வேண்டும். லினக்ஸில் நிலைமை தேறியிருக்கிறது: அங்கே பூட்டு வேலையைப் பார்க்கும் கிரிப்ட்செட்டப் நிரலில், 2020-ல் வந்த 2.3 பதிப்பு முதல் பிட்லாக்கரைத் திறக்கும் வசதி உண்டு. 'இந்தக் கணினியில் தானாகத் திற' என்ற வசதியைப் பொறுத்தவரை, அந்தக் கணினியும் பென்டிரைவும் ஒரே பையில் போகுமென்றால் அதைத் தொடாதீர்கள்.

கலப்புக் கணினிகள் என்றால் வெராகிரிப்ட்

ட்ரூகிரிப்ட் என்ற பழைய பூட்டு நிரல் 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது. அதற்குச் சற்று முன், 2013-லேயே அதிலிருந்து கிளைத்தது வெராகிரிப்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது. இதைச் சொன்னவுடன் எல்லோரும் வெராகிரிப்டே எல்லாவற்றுக்கும் மருந்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது: விண்டோஸில் அது டிரைவர் என்ற துணை நிரல் ஒன்றை இயங்குதளத்துக்குள் ஏற்றவேண்டும், அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே நிறுவியிருக்கும் கணினியில் சாதாரணப் பயனர் திறக்கலாம். நிறுவாத இடத்தில், பென்டிரைவிலிருந்தே ஓடும் போர்ட்டபிள் வடிவமும் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். நூலகம், பிரவுசிங் சென்டர், அலுவலகம் என்று பிறர் கணினியில் செருகும் பழக்கமுள்ளவருக்கு வெராகிரிப்ட் கை கொடுக்காது. மேக்கில் கூடவே மேக்ஃப்யூஸ் போன்ற இன்னொரு நிரலையும் நிறுவவேண்டும்.

இதற்குள் இரண்டு வழி. முழு பென்டிரைவையும் பூட்டுவது ஒன்று. டிரைவைச் சாதாரணமாக விட்டுவிட்டு அதற்குள் பெரிய பெட்டகக் கோப்பு ஒன்றை வைப்பது இன்னொன்று. முதலாவதுதான் கச்சிதம் என்று தோன்றும், பென்டிரைவுக்கு அது பொறி. முழுக்கப் பூட்டிய டிரைவு விண்டோஸின் கண்ணுக்கு வெறும் குப்பை. செருகியவுடன் "இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்யவேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். பழக்கதோஷத்தில் யாராவது ஆம் என்று அழுத்தினால் தொடக்கத்திலிருக்கும் ஹெடர் போய்விடும். ஹெடரில்தான் உண்மையான சாவி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வெராகிரிப்ட் அதன் நகல் ஒன்றை டிரைவின் கடைசியிலும் வைக்கிறது. 'டூல்ஸ்' மெனுவில் 'ரீஸ்டோர் வால்யூம் ஹெடர்' போய், உள்ளேயே இருக்கும் நகலைத் தேர்ந்தால் சில சமயம் பிழைக்கலாம். ஃபார்மேட் மேலெழுதிய பகுதி போனது போனதுதான்.

பெட்டகக் கோப்பில் அந்தத் தொல்லை கிடையாது. 64 ஜிபி என்று விற்கும் டிரைவை விண்டோஸ் 59 ஜிபி சொச்சம் என்றுதான் காட்டும். அதை முதலில் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 ஆகாது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெட்டகம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகு வெராகிரிப்டில் 'கிரியேட் வால்யூம்', 'கிரியேட் அன் என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்', 'ஸ்டாண்டர்ட்'. அளவு 55 ஜிபி. ஏஇஎஸ், எஸ்எச்ஏ-512 என்று அது தருவதை மாற்றவேண்டாம். மூன்று அல்காரிதத்தை அடுக்கினால் பாதுகாப்பு மூன்று மடங்காகாது, வேகம்தான் படுத்துவிடும். உள்ளே 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு வருமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லி எக்ஸ்ஃபேட்டையே தேர்ந்துகொள்ளுங்கள். மவுஸை அந்தப் பெட்டிக்குள் கோணல்மாணலாக, கோடு நிறையும்வரை அசையுங்கள். ரேண்டம் எண்களுக்கு அதுவும் ஒரு மூலப்பொருள். நொடிக்கு 20 எம்பி டிரைவில் ஏறக்குறைய 50 நிமிடத்தில் பெட்டகம் தயார். மிச்சமுள்ள 3, 4 ஜிபியில் மூன்று இயங்குதளத்துக்குமான வெராகிரிப்ட் நிறுவல் கோப்புகளைப் போட்டுவைக்கலாம். பூட்டாமல் யாருக்கும் கொடுக்கவேண்டிய சாதாரணக் கோப்புக்கும் அதுவே இடம்.

பிஐஎம் என்றொரு பெட்டி இருக்கும். ஒரு ஊகத்துக்கு எத்தனை சுற்று வேலை வாங்குவது என்பதை அது தீர்மானிக்கிறது: 15,000 கூட்டல் பிஐஎம் பெருக்கல் 1000. காலியாக விட்டால் 485 என்று கொள்ளும், அதாவது 5 லட்சம் சுற்று. திறக்கச் சில நொடி எடுக்கிறதே என்று அதைக் குறைக்க நினைத்தால் 20 எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்ட் கேட்கும். நீங்களாக எண் ஒன்றைப் போட்டால் அதையும் பாஸ்வேர்டோடு சேர்த்து நினைவில் வைக்கவேண்டும். காலியாகவே விடுங்கள்.

பெட்டகத்தின் குறை வெளியே தெரியாத ஒன்று. உள்ளே எவ்வளவு எழுதினாலும் பெட்டகக் கோப்பின் 'மாற்றப்பட்ட தேதி' மாறாது. வெராகிரிப்ட் வேண்டுமென்றே பழைய தேதியைக் காப்பாற்றுகிறது. தேதியைப் பார்த்து நகலெடுக்கும் பேக்கப் நிரல், மாற்றமில்லை என்று தாண்டிப் போய்விடும். மாதக்கணக்கில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பது முதல் நாள் பெட்டகமாக இருக்கும். 'பிரிஃபரன்ஸஸ்' பக்கத்தில் தேதியைப் பாதுகாக்கும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு: பெட்டகம் சாதாரணக் கோப்பு என்பதால் யாரும் அதை அழிக்கலாம். திறக்கத்தான் முடியாது.

பெட்டகத்துக்குள், இருப்பதே தெரியாமல் மறைவான இரண்டாவது பெட்டகம் வைக்கும் வசதியை நம்பி பென்டிரைவில் வைப்பதற்கு முன் யோசியுங்கள். ஃபிளாஷ் மெமரி தேய்மானத்தைப் பரப்புவதற்காக ஒரே இடத்தில் திரும்ப எழுதாமல் வேறு வேறு இடத்தில் எழுதும், பழைய பிரதிகள் உள்ளே தங்கிவிடும், மறைவான பெட்டகம் இருப்பதை அவை காட்டிக்கொடுக்கலாம். வெராகிரிப்டின் சொந்தக் கையேடே இதைப் பற்றி எச்சரிக்கிறது.

லினக்ஸும் மேக்கும்

லினக்ஸிலேயே வாழ்பவருக்கு லக்ஸ். க்னோம் டிஸ்க்ஸ் நிரலில் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யும்போது பாஸ்வேர்ட் பாதுகாப்புக்கான டிக் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் வேலை. ஒரே டிரைவுக்குப் பல பாஸ்வேர்ட் வைக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு: லக்ஸ்1-ல் 8, லக்ஸ்2-ல் 32 வரை. குழுவில் ஒருவர் விலகினால் அவருடையதை மட்டும் நீக்கலாம். மூன்று இடத்தில் இடறும். உள்ளே லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4 வைத்தால் கோப்பின் உரிமையாளர் எண்ணும் கூடவே போகும், இன்னொரு கணினியில் உங்கள் எண் வேறாக இருந்தால் உங்கள் கோப்பையே எழுத விடாது. பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் ஆர்கான்2 முறை திறக்கும்போது 1 ஜிபி வரை ராம் கேட்கலாம், பெரிய கணினியில் பூட்டியதை 512 எம்பி ராம் உள்ள குட்டி போர்டு திறக்காமல் தவிக்கும். வெராகிரிப்டைப் போல டிரைவின் கடைசியில் ஹெடருக்கு நகல் கிடையாது; பூட்டிய அன்றே கிரிப்ட்செட்டப்பின் ஹெடர் பேக்கப் வசதியால் நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியில் 'ஏபிஎஃப்எஸ் என்கிரிப்டட்' தேர்ந்தால் முடிந்தது. அந்தத் தேர்வு பட்டியலில் தெரியவில்லையென்றால் 'வியூ' மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' போட்டு, டிரைவின் மேல்வரியைத் தேர்ந்து, ஸ்கீமை ஜியூஐடி என்று மாற்றவேண்டும். அப்படிப் பூட்டிய டிரைவ் மேக்குக்கு வெளியே போகாது.

எண்பலகை டிரைவ்

டிரைவின் மேலேயே எண் பொத்தான்கள் இருக்கும். செருகுவதற்கு முன்னோ பின்னோ எண்ணை அழுத்தித் திறக்கவேண்டும், பிடுங்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் பென்டிரைவ். விண்டோஸ், மேக், லினக்ஸ், டிவி, பிரிண்டர் என்று எதிலும் வேலை செய்யும், எதையும் நிறுவவேண்டாம். விசைப்பலகையில் அடிப்பதை ஒட்டுக்கேட்கும் கீலாகர் நிரல் இருக்கும் கணினியிலும் எண் திருடு போகாது, விசைப்பலகையை அது தொடுவதேயில்லை. பிறர் கணினியே கதி என்பவருக்கும், கருவிகளில் செருகவேண்டியவருக்கும் இதுதான் வழி. உள்ளிருக்கும் சின்ன பேட்டரி நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இறங்கிவிடும்; யூஎஸ்பியில் செருகிச் சற்று நேரம் விட்டுவிட்டு எண்ணை அழுத்துங்கள்.

எல்லை எங்கே என்றால் தவறுகளை எண்ணுகிற அந்தச் சிப்பில்தான். பல மாடல்களில் 10 தவறுக்குப் பின் சாவி அழிகிறது, டிரைவைப் புதிதாகப் பயன்படுத்தலாம், கோப்புகள் திரும்பாது. வீட்டில் குழந்தை கையில் பத்து நிமிடம் கிடைத்தாலே போதும். 7,002 பிட்காயினின் சாவியை இப்படித் தவறை எண்ணும் அயர்ன்கீ டிரைவில் வைத்து பாஸ்வேர்டை மறந்துவிட்ட புரோகிராமர் 10 வாய்ப்பில் 8-ஐத் தீர்த்துவிட்டு இரண்டோடு நிற்கிறார் என்பது 2021-ல் உலகச் செய்தியானது. அட்மின் எண், பயனர் எண் என்று இரண்டு வைக்க இடம் தரும் மாடலை வாங்கி, அட்மின் எண்ணைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

சான்றிதழைப் பார்த்து மட்டும் மயங்கவேண்டாம். 2010 தொடக்கத்தில் ஜெர்மனியின் பாதுகாப்புச் சோதனை நிறுவனமான சிஸ், அமெரிக்க அரசுத் தரமான ஃபிப்ஸ் சான்று பெற்ற சில டிரைவ்களில் ஓர் ஓட்டையைக் காட்டியது: பாஸ்வேர்டைச் சரிபார்த்தது டிரைவல்ல, கணினியில் ஓடும் நிரல். சரி என்றால் அந்நிரல் டிரைவுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும், அந்தச் சமிக்ஞை எல்லா டிரைவுக்கும் ஒன்றே. பாஸ்வேர்டே தெரியாமல் அதை அனுப்பினால் கதவு திறந்தது. 2022-ல் அதே நிறுவனம் எண்பலகை டிரைவ் ஒன்றிலும் ஓட்டைகளைக் கண்டது. எண்ணைச் சரிபார்ப்பது டிரைவின் உள்ளேயா, அல்லது கணினியில் ஓடும் உள்நுழைவு நிரலா என்பதை வாங்குமுன் பாருங்கள்.

பூட்டு என்ற பெயரில் விற்பவை

பென்டிரைவோடு இலவசமாக வரும் 'ஃபோல்டர் லாக்' வகையறா நிரல்கள் சில, கோப்பை மறைத்துவிட்டு பாஸ்வேர்ட் கேட்கும் வேலையை மட்டும் செய்கின்றன. சோதிப்பது சுலபம். பூட்டிய டிரைவை லினக்ஸ் கணினி ஒன்றில் செருகுங்கள். உள்ளே கோப்புப் பெயர்கள் தெரிந்து, திறந்தால் படிக்கவும் முடிந்தால் அது பூட்டல்ல, திரைச்சீலை.

நான்கைந்து கோப்புகளை ஒருமுறை அனுப்பத்தான் வேண்டும் என்றால் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் நிரல் போதும். 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் என்கிரிப்ட் செய்யும் டிக்கைப் போடவேண்டும். போடாவிட்டால் பாஸ்வேர்ட் இல்லாமலே பெயர்ப்பட்டியலைப் பார்க்கலாம். பழைய ஜிப்கிரிப்டோ முறையை விட்டு விலகுங்கள், அது பலவீனமானது. அன்றாடம் திருத்தும் கோப்புக்கு இந்த வழி ஆகாது. ஆர்க்கைவுக்குள்ளிருந்து டபுள் கிளிக் செய்து திறக்கும் கோப்பின் பூட்டாத நகல் அந்தக் கணினியின் டெம்ப் ஃபோல்டரில் இறங்குகிறது.

எந்த வழியை எடுத்தாலும் கோப்புகளை ஏற்றும்முன் ஒரு ஒத்திகை. ஒரு சின்னக் கோப்பை மட்டும் போட்டு, டிரைவை முறையாக எஜெக்ட் செய்து, உண்மையில் செருகப்போகும் இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். பிட்லாக்கர் என்றால் பாஸ்வேர்ட் இல்லாமல் 48 இலக்கச் சாவியைத் தாளைப் பார்த்து அடித்து ஒருமுறை திறந்து பாருங்கள். அச்சிட்ட தாளில் இருக்கும் அடையாள எண்ணின் முதல் 8 எழுத்து திரையில் காட்டுவதோடு ஒத்துப்போகிறதா என்றும் சரிபாருங்கள், இரண்டு டிரைவ் வைத்திருப்பவர்கள் தாளை மாற்றிவைத்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டிய டிரைவ் பழுதானால் சாதாரண டிரைவைவிட மீட்பது கடினம். எனவே அதே கோப்புகள், பூட்டிய இன்னொரு டிரைவிலும் இருக்கட்டும்.